ஆறு பேரும் பேசவில்லை

பூமிக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம் வரை எந்த நாட்டுச் செயற்கைக்கோள் பேசலாம், எது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் வல்லமை இந்தப் படை அணிக்கு உண்டு. கொலராடோ மலையடிவாரத்தில், ஜன்னலே இல்லாத தட்டைக் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து விண்வெளியைக் கட்டுப்படுத்தும் அந்த நூற்றுப் பத்துப் பேரால், தங்கள் கழிப்பறையில் ஒழுகும் குழாயை நான்கு வருடமாகக் கட்டுப்படுத்த முடியவில்லை. அணியின் எண் ரகசியம். ஆகவே இங்கே சொல்வதற்கில்லை. படைத்தளத்தின் வாசல் கடையில் விற்கும் தொப்பியில் பெரிதாகத் தைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு மாஸ்டர் சார்ஜென்ட் வெண்டல் கிராபில் கைபேசியை வெளிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே வந்தபோது, நடைபாதைக் கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

வெளியாள் யாராவது உள்ளே வந்தால் அந்த விளக்கைப் போட வேண்டும். விளக்கு சுழலும்வரை எல்லோரும் திரைகளை அணைத்து, காகிதங்களைக் குப்புறப் போட்டு, வானிலையையும் கால்பந்தையும் பற்றி மட்டும் பேசுவார்கள். இன்றைக்கு யாரும் வருவதாக இல்லை.

"யாருப்பா வந்திருக்கிறது?"

காவல் மேசையில் சார்ஜென்ட் ஆர்ச்சுலெட்டா பச்சை மிளகாய் போட்ட பரீட்டோ ரொட்டிச் சுருள் ஒன்றைப் பாதி முடித்திருந்தான். "யாரும் இல்ல சார்ஜென்ட். நான் வர்றப்பவே சுத்திக்கிட்டு இருந்துச்சு. மூணு தடவ அணைச்சேன். தானா பத்திக்குது. ஒரு மனு எழுதிப் போடுங்க, குழாய் மனுவுக்குப் பக்கத்துல இதுவும் தூங்கட்டும்."

வெண்டல் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆர்ச்சுலெட்டாவின் தலைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தான். வெளியாட்களுக்குக் கொடுக்கும் அட்டைகள் வரிசையாகத் தொங்கும் பலகை. கடைசி ஆறு கொக்கிகள் காலியாக இருந்தன.

"ஆறு அட்டையக் காணோமே?"

"அட, ஆமா." ஆர்ச்சுலெட்டா பதிவேட்டைத் திறந்தான். யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆனால் அன்றைய பக்கத்தில் ஆறு வரிகளில் மட்டும், கையெழுத்துப் போடும் கட்டத்தில், தாள் ஈரமாகி ஊறிப்போயிருந்தது. "பாருங்க, குழாய்த் தண்ணி இங்கயே வந்திருச்சு" என்றான் ஆர்ச்சுலெட்டா. குழாய், கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது.

வெண்டல் காலிக் கொக்கிகளை மறுபடி எண்ணினான். ஆறுதான்.

அவனுடைய உண்மையான வேலை, அலைவரிசைகளை அடைப்பது. எதிரியின் செயற்கைக்கோள் பேச்சின் மேல் அதைவிட உரத்த இரைச்சலைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், பேச்சு மூழ்கிவிடும். நன்றாக நடந்தால் எதுவும் கேட்காது. உலகத்தில் தன் திறமைக்குச் சாட்சியாக ஒன்றுமே இல்லாததைக் காட்டும் தொழில் இது ஒன்றுதான். அதோடு கூடுதல் பொறுப்பாக ஒன்றரை வருடமாக அவன் அணியின் வரலாற்றாளன். யாரும் கை தூக்காதபோது கர்னல் அவன் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

அணி உருவாகி இருபது வருடம்தான் ஆகிறது. இருபது வருடத்துக்குக் கொடிக்கம்பத்தில் என்ன கட்டுவது? அதற்கும் படையில் ஒரு வழி இருக்கிறது. எப்போதோ கலைத்துப் போட்ட பழைய அணி ஒன்றின் பெயரையும் கொடியையும் பாராட்டு நாடாக்களையும் அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் புதிய அணியின் தலையில் சூட்டிவிடுவார்கள். புதிதாக வந்தவனுக்கு நாற்காலி ஒதுக்குவதுபோல வரலாறு ஒதுக்கீடு. இவர்களுக்கு ஒதுக்கப்பட்டது 1943-இல் அலாஸ்காவுக்கு அப்பால், அலூஷியன் தீவு ஒன்றில் ஜப்பானிய வானொலியை அடைத்துக்கொண்டிருந்த ஒரு அணி. ஒரே ஒரு நாடா. அதே அணியைச் சேர்ந்த ஆறு பேர் தீவின் மறுபுறத்துக் காவல் குடிசையில் குளிரில் இறந்தார்கள் என்று ஒரு வரி.

லெப்டினன்ட் கர்னல் மார்சி ஹாக்சேத்துக்கு அந்த ஒரு வரி போதவில்லை. "ஆறு பேரு சும்மாவா சாவாங்க? தோண்டுங்க கிராபில். வெள்ளிக்கிழமை பாரம்பரிய தினம். கேக் ஆர்டர் பண்ணியாச்சு."

வெண்டல் தோண்டினான். ஆவணக் காப்பகத்திலிருந்து நுண்படச் சுருள் வந்தது. பழைய அணியின் செய்திப் பதிவேடு, பென்சில் எழுத்தில். அதைப் படித்த பிறகும் அவன் அழகான சிறு நூல் ஒன்றை எழுதினான். பன்னிரண்டு பக்கம், பளபளப்புத் தாள். அதில் நான்காம் பக்கத்தில்: "தங்கள் இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆறு பேரும் கடைசி மூச்சுவரை வானொலியைத் தொடவில்லை. பேசவில்லை." கர்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. 'மௌனமே எங்கள் ஆயுதம்' என்று சுவரில் எழுதச் சொன்னார். வெண்டலின் பதவி உயர்வுக் குறிப்பில் இரண்டு நல்ல வாக்கியங்கள் ஏறின.

பதிவேட்டில் இருந்தது வேறு.

அவர்கள் பேசியிருந்தார்கள். மூன்று நாள் பேசியிருந்தார்கள். அடுப்பு எண்ணெய் தீர்ந்துவிட்டது, கதவைப் பனி மூடிவிட்டது, ஆறு பேர் இருக்கிறோம், வாருங்கள் என்று. தீவின் இந்த முனையில் இருந்த அவர்களுடைய சொந்த அணி அதைக் கேட்டது. ஜப்பானியர் ஆங்கிலத்தில் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு செய்தது. முழு பலத்தோடு அடைத்தது. பென்சிலால் எழுதியவன் ரசிகன்: "எதிரியின் நடிப்பு அபாரம். அயோவாக்காரன் உச்சரிப்பு அப்படியே வருகிறது." மறுநாள்: "நம் ஆட்களின் பெயர்களைக்கூடச் சொல்கிறான். தபால் பை எங்கோ பிடிபட்டிருக்க வேண்டும்." மூன்றாம் நாள்: "அழுகிறான். அடைத்தோம். இப்போது எதுவும் கேட்கவில்லை. முழு வெற்றி."

அந்த வெற்றிக்குத்தான் நாடா.

எந்த அலைவரிசையையும் அடைப்பதற்கு முன் 'தொடக்கூடாதவை' பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் 'சரிபார்த்தேன்' என்று சொல்ல வேண்டும் என்ற விதி இன்றைக்கு உண்டு. சொந்த ஆட்களின் அலைவரிசைகள் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அன்றைக்கு அது கிடையாது. வெண்டல் சுருளைப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று மாலை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து ஒரு தட்டு மாக்கரோனி முழுவதும் சாப்பிட்டான். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது அதுதான் அவனுக்கு அதிகம் கூசியது. அன்று அவனுக்கு நன்றாகப் பசித்தது.

செவ்வாய் மதியம் தொலைபேசி வந்தது. நல்ல வயதான குரல்.

"தம்பி, நான் ஆர்லிஸ் பேசறேன். அயோவாலேருந்து. எங்கப்பா கார்ப்பரல் நெல்ஸ் ட்வெய்ட். உங்க புத்தகத்துல பேரு போட்டிருக்கீங்களே, அந்த ஆறு பேர்ல மூணாவது."

"ஆமாம்மா. சொல்லுங்க."

"கர்னலம்மா வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்காங்க. டிக்கெட்டும் அனுப்பிட்டாங்க. வர்றேன். அப்பா போனப்ப எனக்கு நாலு மாசம். ஒண்ணே ஒண்ணு உங்ககிட்டக் கேக்கணும், நீங்கதான எழுதினது?"

"நான்தாம்மா."

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லுவாங்க, உங்கப்பன் வாயாடி, தூக்கத்துலகூட வாய் ஓயாதுன்னு. மாட்டுக்கிட்டகூடப் பேசுவாராம். அந்த மனுஷன் எப்படித் தம்பி பேசாமச் செத்தாரு?"

காதுமடல் இரண்டும் சூடேறின. "அது வந்து... வீரம்மா" என்றான் வெண்டல்.

"சரி. நேர்ல வந்து விவரமாக் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நான் அவர் குரலைக் கேட்டதில்ல, அதான்."

தொலைபேசியை வைத்தபோது அறையில் ஈரக் கம்பளியின் வாடை வந்தது. மழையில் நனைந்த கம்பளியைக் கணப்பின் பக்கத்தில் காயப்போட்டால் வரும் வாடை, அதன் அடியில் மண்ணெண்ணெய். அணைந்துபோன அடுப்பின் மண்ணெண்ணெய், வெகு நேரமாகத் திரி மட்டும் புகைந்து ஓய்ந்த அந்தக் கசப்பு. குளிர்சாதனக் குழாயை அண்ணாந்து பார்த்தான். அங்கிருந்து வரவில்லை. நாற்காலியைச் சற்றுத் திருப்பினான். வாடையும் அவனோடு திரும்பி, தோளுக்குப் பின்னால் நின்றது.

புதன்கிழமை, பயிற்சிக் கூடத்தில் வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை. ரகசிய அறைக்குள் விருந்தினர் போக முடியாது. பயிற்சிக் கூடத்துக் கருவியில் எதுவும் வானத்துக்குப் போகாது, வானத்திலிருந்து எதுவும் வராது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கம்பி, அவ்வளவுதான். முதல் பெட்டியில் 'எதிரி' பேசுவான். விருந்தினர் காதுக்கருவி மாட்டிக் கேட்பார்கள். வெண்டல் பொத்தானை அழுத்துவான். எதிரி காணாமல் போவான். கைதட்டல், கேக். எதிரியின் குரல் ஆர்ச்சுலெட்டாவினுடையது: பரீட்டோ கடையின் விலைப்பட்டியலை ஸ்பானிஷில் கடுமையாகப் படித்துப் பதிவு செய்திருந்தான்.

கூடத்தில் விளக்கைப் போட்டதும் வெண்டல் நின்றுவிட்டான். விருந்தினருக்கான முன்வரிசை நாற்காலிகளில் ஆறு அட்டைகள், நாற்காலிக்கு ஒன்றாக. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சின்னக் குளம். ஒன்றைத் தொட்டான். விரல் ஒட்டிக்கொண்டது, ஐஸ் பெட்டியின் உலோகத்தில் ஒட்டுவதுபோல.

"எவன்டா இப்படி விளையாடறது?" என்று கத்தினான் ஆர்ச்சுலெட்டா. அட்டைகளைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்துப் பலகையில் மாட்டிவிட்டு வந்தான். "ஜுரம் வந்தவராட்டம் இருக்கீங்க சார்ஜென்ட். ஒத்திகைய நாளைக்கு வச்சுக்கலாமா?"

"இல்ல, போடு."

காதுக்கருவியை மாட்டினான். பீன்ஸ் பரீட்டோ, மாட்டிறைச்சி பரீட்டோ, கூடுதல் சீஸ். அலைகளைக் காட்டும் திரையில் ஆர்ச்சுலெட்டாவின் குரல் நடுவில் ஒரு குன்றுபோல எழுந்து நின்றது. இடது ஓரத்தில், அடிமட்டத்தில், புல் முளைத்ததுபோல இன்னொன்று. இந்தக் கருவியின் எல்லையிலேயே இல்லாத பழைய சிற்றலை வானொலி. வெண்டல் குனிந்து பார்த்தான். அது மெல்ல ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. பேசுகிறவன் மூச்சு வாங்குவதற்காக நிறுத்துகிற அளவுக்கு நின்றது. விலைப்பட்டியலின் அடியில், வெகு தூரத்தில், காற்று ஊளையிட்டது. காற்றுக்குள் ஒரு மனிதக் குரல்.

"...ஆறு பேர் இருக்கோம்..."

காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்தான்.

"என்ன?"

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

ஆர்ச்சுலெட்டா எடுத்துக் காதில் வைத்தான். நெற்றியைச் சுருக்கினான். "என் குரல்தான். இவ்வளவு கேவலமாவா இருக்கு?"

வியாழக்கிழமை வெண்டல் தீர்மானித்துவிட்டான். இரவெல்லாம் விழித்துத் தீர்மானித்தது. கர்னலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நாளைக் காலை அந்த அம்மாள் வருமுன் சொல்லிவிட வேண்டும். உங்கள் அப்பா பேசினார் அம்மா, மூன்று நாள் பேசினார், எங்கள் ஆட்கள்தான் அடைத்தார்கள் என்று அவளிடமும் சொல்ல வேண்டும். பத்து மணிக்குக் கர்னலின் அறைக் கதவைத் தட்டினான்.

அறையில் கர்னல் கேக் வெட்டும் வாளைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கொடிக்கம்பத்தின் அருகே, தரைவிரிப்பில் ஈரமான பூட்ஸ் தடங்கள். வந்த தடங்கள் மட்டும். போன தடங்கள் இல்லை.

"சொல்லுங்க கிராபில்."

"மேடம், அந்த நாலாம் பக்கம்..."

"அதப் படிச்சுட்டு ஜெனரல் போன் பண்ணினாரு தெரியுமா? நாளைக்கு வர்றாரு. வாழ்க்கையில இப்படி ஒரு அணியத் தலைமை தாங்கக் குடுத்து வச்சிருக்கணும்." அவர் வாளை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "நாலாம் பக்கத்துக்கு என்ன?"

வாடை வந்தது. ஈரக் கம்பளி. கர்னலின் நாற்காலிக்குப் பின்னால் காற்று தடித்திருந்தது. யாரோ அங்கே காத்திருந்தார்கள். வெண்டல் வாயைத் திறப்பதற்காக. அவன் திறந்தான்.

"ஒண்ணுமில்ல மேடம். கேக்கு மேல அணியோட சின்னம் நீலத்துலயா, கறுப்புலயான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"நீலம்" என்றார் கர்னல்.

வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றான். நாற்பத்திரண்டு வயது. இருபத்துமூன்று வருட சேவை. நீலமா கறுப்பா.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. பயிற்சிக் கூடம் நிரம்பியிருந்தது. ஜெனரல், கர்னல், நகரத்து வியாபாரிகள் சங்கத்தார், சீருடைகள், ஷூ பாலிஷ் வாடை. முன்வரிசை நடுவில் ஆர்லிஸ் அம்மாள். குட்டையான உருவம், வெண்தலை, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெண்டலைப் பார்த்ததும், "நீங்கதானா தம்பி? ரொம்ப இளைச்சிருக்கீங்களே" என்றாள். "எல்லாம் முடிஞ்சதும் உக்காந்து பேசலாம், என்ன?"

"ஆகட்டும்மா."

ஜெனரல் பேசினார். கர்னல் பேசினார். மௌனத்தைப் பற்றி இருவரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். பிறகு விருந்தினர் காதுக்கருவிகளை மாட்டிக்கொண்டார்கள். ஆர்லிஸ் அம்மாளுக்குக் கர்னலே மாட்டிவிட்டார். வெண்டல் தனதை மாட்டிக்கொண்டு கருவியின் முன் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆர்ச்சுலெட்டா பதிவை ஓடவிட்டான்.

பீன்ஸ் பரீட்டோ. யாரோ வியாபாரி தலையை ஆட்டி, "எவ்வளவு கொடூரமான குரல்" என்றான்.

இடது ஓரத்தில் புல் முளைத்தது.

வளர்ந்தது. ஆர்ச்சுலெட்டாவின் குன்றைத் தாண்டி உயர்ந்தது. கூடத்தில் குளிர் பரவியது, கணுக்காலிலிருந்து மேலே, குளத்தில் இறங்குகிறவனுக்கு ஏறுவதுபோல. விலைப்பட்டியல் தேய்ந்து மறைந்தது. காற்று. ஊளை. தகரம் படபடக்கிற சத்தம். பிறகு, காதுக்குள், பக்கத்தில்:

"...எண்ணெய் தீந்துருச்சு. ஆறு பேர் இருக்கோம். யாராவது கேக்கறீங்களா? நாங்க உங்க ஆளுங்கதான்..."

மற்றவர்கள் இன்னும் கொடூரமான எதிரியையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தில் தெரிந்தது. ஆர்லிஸ் அம்மாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரோ பேசறாங்க" என்றாள். கொஞ்சம் உரக்கவே. காதுக்கருவி மாட்டியவர்கள் பேசுகிற உரத்த குரலில். "எங்க ஊரு ஆளு பேசற மாதிரி இருக்கே!"

கர்னல் வெண்டலைப் பார்த்தார். புன்னகை மாறவில்லை. கண் மட்டும்.

'தொடக்கூடாதவை' பட்டியலைப் படிக்க வேண்டும். உரக்க. படித்தால் எல்லாம் நிற்கும். 'இது நம் ஆட்கள்' என்று ஒரு வார்த்தை. ஆர்ச்சுலெட்டா தாளை நீட்டினான். வெண்டல் வாங்கவில்லை.

"...எல்லாரோட பேரையும் சொல்றேன், எழுதிக்குங்க. வீட்டுக்குச் சொல்லிருங்க. லோவல் ஹிக்ஸ். ஆமோஸ் ப்ரெஸ்காட். அப்புறம் நான். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாலு மாசம். அவகிட்ட..."

ஆர்லிஸ் அம்மாளின் கை மெதுவாக எழுந்து காதுக்கருவியை அழுத்தியது. வாய் திறந்தது. சின்னக் குழந்தையின் வாய்போல.

"...என் பேரு நெல்..."

வெண்டல் அழுத்தினான்.

சத்தம் போனது. காற்று போனது. திரை வெள்ளையாகத் தட்டையானது. சுத்தமான அடைப்பு. அவன் வாழ்நாளிலேயே சுத்தமானது.

தலையை நிமிர்த்தினான்.

அவர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசைக்குப் பின்னால், ஜெனரலுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவில். ஆறு பேர். தாடியில் பனி. இமையில் பனி. கறுத்த விரல்கள். எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. அவசரமாக. விடாமல். கழுத்து நரம்பு புடைக்க. சத்தம் இல்லை. துளிச் சத்தம் இல்லை. மூன்றாமவன் குனிந்து, நீலம் பாய்ந்த உதட்டை ஆர்லிஸ் அம்மாளின் காதோரம் வைத்து, அவளுடைய வெள்ளை முடியில் உரச உரசச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்ப ஒன்றையே. அவள் வெண்டலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மரியாதையாக. கையைக் காதிலிருந்து எடுக்காமல்.

"நின்னு போச்சு தம்பி" என்றாள்.

கர்னல் எழுந்து கைதட்டத் தொடங்கினார். ஜெனரல் தட்டினார். கூடம் முழுவதும் தட்டியது.

வெண்டலும் தட்டினான்.